சீரியம் பவுடர்: வைப்பர் கோட்டுக்குச் சரி, ஆழமான கீறலுக்கு வேண்டாம்

குளச்சல், முட்டம் பக்கம் வெளியில் நிற்கும் வண்டியின் முன் கண்ணாடியைக் காலை வெயிலுக்கு நேராகப் பார்த்தால் வைப்பர் ஓடிய வளைவு முழுக்க மெல்லிய கோடுகள் மின்னும். உப்பும் நுண்மணலும் படிந்திருக்கும்போது தண்ணீர் விடாமல் வைப்பரைப் போட்டதால் வருவது இது. இதற்குக் கிடைக்கும் மருந்துதான் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பவுடர்.

சுத்தமான சரக்கு வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். செம்பழுப்பில் வந்தாலும் பயமில்லை, சீரியத்தோடு சேர்ந்தே கிடைக்கும் பிரசியோடைமியம் என்ற உலோகம் கலந்திருப்பதால் வரும் நிறம் அது. விரலில் செங்கல்பொடி மாதிரி அப்பிக்கொண்டு, கழுவியும் போகவில்லையென்றால் இரும்பு ஆக்சைடைக் கொடுத்திருக்கிறார்கள். அதிலும் மெருகு வரும், ஆனால் நேரம் நிறைய பிடிக்கும்.

வெறும் உப்புக்கறை, போர்வெல் தண்ணீர்க் கறை என்றால் முதலில் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்துத் துணியை நனைத்துப் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். அதற்கும் போகாததற்குத்தான் பவுடர்.

நகத்தை ஓட்டிப் பார்த்து, கீறலில் நகம் மாட்டினால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். அந்த ஆழத்துக்குத் தேய்த்தால் கண்ணாடி குழிந்து, எதிரே வரும் வண்டி நெளிந்து தெரியும். ஓட்டுநர் கண்ணுக்கு நேரே இது ஆபத்து. மாட்டாத கோடுகளை உள்பக்கம் மார்க்கரால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள், ஈரத்தில் கோடு கண்ணில் படாது. ரப்பர் பீடிங்கையும் பெயின்ட்டையும் டேப்பால் மூடுங்கள்.

100 கிராம் பவுடருக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர், பால் பதம். சீரியம் கனமானது, இரண்டு நிமிடத்தில் அடியில் தங்கும், கலக்கிக்கொண்டே எடுக்க வேண்டும். டிரில்லில் ஃபெல்ட் பேட் (கம்பளி அட்டை) மாட்டுங்கள், வேகம் 1000–1500 ஆர்பிஎம்மைத் தாண்டக்கூடாது. ஒரே இடத்தில் நிற்காமல் நகர்த்துங்கள். இங்கே அடிக்கும் காற்றில் கரைசல் சட்டென்று காயும், ஸ்பிரேயரைக் கையிலேயே வைத்திருங்கள். காய்ந்த பேட் கண்ணாடியைச் சூடாக்கும், முன் கண்ணாடி இரண்டு அடுக்கு ஒட்டியது, சூட்டில் விரிசல் விடும். உள்பக்கம் கை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். தண்ணீரும் சீரியமும் சேர்ந்து கண்ணாடியின் மேல்தோலை ரசாயனமாக இளக்கித்தான் அரிக்கின்றன, அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்பது தப்புக்கணக்கு. ஹெட்லைட் பிளாஸ்டிக், சன் ஃபிலிம் பக்கம் போகவே கூடாது.

மணவாளக்குறிச்சிக் கருமணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியமும் இருக்கிறது, தோரியமும் இருக்கிறது. அதனால் ‘இந்தப் பவுடரில் கதிர்வீச்சு வருமா’ என்ற கேள்வி நம்மூரில் எழுவது நியாயம். கதிர்வீச்சு தோரியத்தின் வேலை. சுத்திகரிக்கும்போது அதைப் பிரித்துவிடுவார்கள், சீரியத்துக்கு அந்தக் குணம் இல்லை. கவலைப்பட வேண்டியது தூசிக்கு. வருடக்கணக்கில் சீரியம் போன்ற அருமண் உலோகங்களின் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரல் நோய் வந்திருக்கிறது. எப்போதாவது ஒரு கண்ணாடி தேய்ப்பவருக்கு அந்த அளவு போகாது, தினமும் தேய்க்கும் பட்டறைக்காரருக்குப் போகும். என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு, பவுடரைத் தண்ணீரில் மெதுவாகச் சரித்துவிடுங்கள், பவுடர் மேல் தண்ணீரை ஊற்றினால் புகை மாதிரி கிளம்பும்.

250 கிராம் பாக்கெட் ஒரு காருக்குத் தாராளம். மீந்த கரைசலை ஓடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் வாளியில் ஒரு ராத்திரி வையுங்கள். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை ஈரத்தோடு கவரில் கட்டிப் போடுங்கள். காயவிட்டுக் கூட்டினால் அந்தத் தூசிதான் திரும்ப மூக்குக்கு வரும்.