சாய்வு சென்சார் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழைக்கு முன்னால் மண்சரிவைத் தாங்கும் தடுப்புச் சுவருக்கென்று ஒரு சாய்வு சென்சார் பெட்டியை விற்கிறார்கள். 0.01 டிகிரி சாய்ந்தாலே போனுக்கு எச்சரிக்கை வரும் என்பது விளம்பரம். பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பது அசைவையும் சாய்வையும் அளக்கும் எம்பியு-6050 சிப், 200 ரூபாய்க்குள் கிடைக்கும் மாட்யூல். சுவரில் ஒட்டியிருப்பது டபுள் சைடு டேப். வெயிலில் அந்த டேப்பே இளகி இறங்கும்.

1 மீட்டர் உயரத்துக்கு 1 மில்லிமீட்டர் சாய்வு என்றால் 0.057 டிகிரி, சென்சார் கணக்கில் சுமார் 1 மில்லி-ஜி (புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வெப்பம் 0 முதல் 70 டிகிரி வரை மாறினால் பூஜ்யப் புள்ளி (சாய்வே இல்லாதபோது காட்டும் அளவு) 35 மில்லி-ஜி அளவுக்கு நகரும் என்று இந்தச் சிப்பைத் தயாரித்தவர்களின் விவரத்தாளே (டேட்டாஷீட்) சொல்கிறது. விடியற்காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவே பெட்டிக்குள் 30 டிகிரி ஏறி இறங்கும். சுவர் அசையாமலேயே மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்ந்ததாகக் காட்டிவிடும்.

மதியமானால் அலாரம் அடிக்கிறது என்று புகார் செய்தால் 'அப்டேட்' செய்கிறார்கள். உண்மையில் எச்சரிக்கை எல்லையை 3 டிகிரிக்கு ஏற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். 2 மீட்டர் சுவர் 10 சென்டிமீட்டர் சாய்ந்த பிறகுதான் இனி போன் அலறும். அதற்குள் கருங்கல் கட்டு வயிறு தள்ளியிருக்கும். இதைத்தான் மோசடி என்கிறோம்.

ஏடிஎக்ஸ்எல்-355 போன்ற சிப் பரவாயில்லை: வெப்பம் ஒரு டிகிரி மாறினால் 0.15 மில்லி-ஜிக்குள் நிற்கும், விலை பல மடங்கு. அதற்கும் பக்கத்தில் வெப்ப சென்சார் வைத்துத் திருத்தம் செய்தே ஆக வேண்டும். எதை வாங்கினாலும் முதலில் அசையாத சிமென்ட் தரையில் ஒரு பகல், ஓர் இரவு வையுங்கள். வரைபடத்தில் சாய்வுக் கோடு வெப்பக் கோட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொருத்தும்போது டேப் கூடாது. ஆங்கர் போல்ட் போட்ட ஸ்டீல் தகடு வேண்டும்.

ஊட்டிப் பக்கம் இன்னொரு வம்பு: உறைபனிக் காலையில் பூஜ்யத்துக்குக் கீழே லித்தியம் பேட்டரி சார்ஜ் ஆனால் கெட்டுப்போகும். மலிவு சார்ஜர் போர்டில் அதற்குத் தடுப்பு கிடையாது. லோரா (தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) வைத்த பெட்டி என்றால், இந்தியாவில் உரிமம் தேவையில்லாத 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைதானா என்று கேளுங்கள்.

விரிசலுக்கு இந்தப் பெட்டியே வேண்டாம். விரிசலின் இரு பக்கமும் ஸ்டெயின்லெஸ் ஆணியை எப்பாக்சியில் பதித்து, வாரம் ஒருமுறை விடியற்காலையில் வெர்னியர் காலிப்பரால் ஆணிகளின் இடைவெளியை அளந்து எழுதுங்கள், 0.02 மில்லிமீட்டர் வரை தெரியும். சுவரின் நீர்க்கசிவுத் துளைகள் அடைத்திருந்தால் அதைக் குத்தி விடுவதுதான் முதல் வேலை.

ஏற்கெனவே வாங்கியவர்கள் பில்லையும் விளம்பரப் படத்தையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். எச்சரிக்கைச் சேவைக்கு வருட சந்தா கேட்டால் மொத்தமாகக் கட்டாதீர்கள்.