பைகேமா, சைக்கோபையா? ஒரு சிவப்புப் புள்ளியை வைத்துப் பார்ப்போம்

திரையில் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். எத்தனை மில்லி விநாடி ஆனது என்று பதிவாக வேண்டும். உளவியல் ஆய்வகங்களில் தினமும் நடக்கிற சோதனை இது. பைதான் நிரல்மொழி தெரிந்தவர் முதலில் பைகேமைத்தான் திறப்பார். 2000-லிருந்து புழக்கத்தில் இருக்கும் விளையாட்டு நூலகம், அதாவது கணினி விளையாட்டுகள் எழுத உதவும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு. அரை நாளில் புள்ளி திரைக்கு வந்துவிடும். சைக்கோபை என்ற பைதான் நூலகமோ இப்படிப்பட்ட சோதனைகளுக்கென்றே நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் பியர்ஸ் தொடங்கியது.

சரி, புள்ளி 50 மில்லி விநாடி மட்டும் தெரிய வேண்டும். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் படத்தை மாற்றும். அப்படி வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். ஆக 50 என்றால் 3 பிரேம். பைகேமில் புள்ளியை வரைந்துவிட்டு '50 காத்திரு' என்று எழுதினால், நிரலின் கடிகாரம் ஒரு பக்கம், திரையின் கடிகாரம் இன்னொரு பக்கம் ஓடும். அழிக்கும் கட்டளை துளி தாமதித்தாலும் புள்ளி 4-ஆவது பிரேமிலும் நிற்கும்: 67 மில்லி விநாடி. விளையாட்டில் இதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் சோதனையில் 'பார்த்தேன்', 'பார்க்கவில்லை' என்ற பதிலே இந்த ஒரு பிரேமில் மாறிவிடலாம். பைகேம் 2-இல் விசிங்க் (vsync), அதாவது திரை மாறும் நேரத்தோடு நிரலை ஒத்துப்போக வைக்கும் வசதி, கேட்கலாம். கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. சைக்கோபையின் பிளிப் கட்டளை திரை மாறும்வரை காத்திருந்து, மாறிய நேரத்தையும் கையில் தரும். புள்ளியை வரைந்து பிளிப் செய், இப்படி மூன்று முறை; நான்காவது பிளிப்பில் வெறும் திரை, முடிந்தது.

பட்டனிலும் இதே கதைதான். பைகேமில் நிரல் ஒரு சுற்று சுற்றிவந்து நிகழ்வு வரிசையை (அழுத்திய விசைகள் காத்திருக்கும் பட்டியலை) பார்க்கும்போதுதான் வழக்கமாக நேரத்தைக் குறிக்கிறோம். சைக்கோபையின் விசைப்பலகைப் பகுதி, விசை அழுந்திய நேரத்தையே சேர்த்துத் தருகிறது.

இதனால் பைகேமை ஒதுக்கிவிட முடியாது. ஆய்வுக்கான எக்ஸ்பிரிமென்ட் (Expyriment) என்ற நூலகமே அதன் மேல்தான் நிற்கிறது. சைக்கோபைக்கு அடியில் இருக்கும் பைக்லெட்டும் விளையாட்டு நூலகம்தான். புதிர்ப்பாதை, புள்ளி சேர்த்தல் போல பங்கேற்பவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது மட்டும் முக்கியமான சோதனை என்றால் நான் பைகேமைத்தான் எடுப்பேன். பத்து நிமிடம் குழந்தைகளை உட்கார வைக்க அந்த விளையாட்டுத்தன்மை பெரிய உதவி. மெய்நிகர் உலகம் வேண்டுமென்றால் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்.

எதிர்வினை நேரம் என்றால் சைக்கோபை, யோசிக்கவே வேண்டாம். அப்புறம் ஒரு வேலை பாக்கி: புள்ளி வரும் அதே பிரேமில் திரையின் மூலையில் வெள்ளைச் சதுரம் ஒன்றும் வரட்டும். அதன் மேல் ஒரு போட்டோடயோடை (ஒளியை உணரும் சிறு மின்கருவியை) ஒட்டி, நிரல் சொல்லும் நேரமும் ஒளி வந்த நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகு முதல் ஆளைக் கூப்பிடுங்கள்.