கெக்கா, ஜாரா, டிஹைட்ரேட்டரா? ஸ்டார்டூ வேலியில் விளைச்சலைப் பணமாக்கும் வழிகள்

ஸ்டார்டூ வேலியில் பண்ணை கொஞ்சம் தலையெடுத்ததும் எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்றுதான்: கெக் (நொதிக்க வைக்கும் பீப்பாய்) போடுங்கள், பழத்தை ஒயினாக்கி விற்றுவிடுங்கள். எரிக் பரோன் தனியாளாக உருவாக்கி 2016 பிப்ரவரியில் வெளியிட்ட, பண்ணை நடத்தும் வீடியோ கேம் இது. இத்தனை ஆண்டாகியும் அந்த யோசனை மாறவே இல்லை. அது தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதிதான் சரி. ஜெல்லியும் ஊறுகாயும் போடும் பழைய ஜாரும், 2024 மார்ச்சில் 1.6 பதிப்போடு வந்த, பழத்தை உலர்த்தும் டிஹைட்ரேட்டரும் கெக்கை முந்துகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பண்ணையில் எதற்குத் தட்டுப்பாடு என்று பார்க்க வேண்டும். பழத்துக்கா, இயந்திரத்துக்கா, காலை நேரத்துக்கா? அதைப் பொறுத்துத்தான் பதில் மாறுகிறது.

முதலில் விலைக் கணக்கைப் பார்த்துவிடலாம். கெக்கில் பழத்தைப் போட்டால் ஒயின், பழத்தின் அடிப்படை விலையைப் போல 3 மடங்கு. காயைப் போட்டால் ஜூஸ், 2.25 மடங்கு. ஜாரில் பழம் ஜெல்லியாகும், காய் ஊறுகாயாகும். இரண்டுக்கும் ஒரே கணக்கு: அடிப்படை விலையைப் போல 2 மடங்கு, அதோடு 50 ஜி (‘ஜி’ என்பது விளையாட்டின் தங்கப் பணம்). டிஹைட்ரேட்டர் ஒரே வகைப் பழம் 5 கேட்கும். உலர்ந்து வருவது ஒரே ஒரு பொருள், அதன் விலை ஒரு பழத்தின் விலையைப் போல 7.5 மடங்கும் 25 ஜியும். பழத்துக்குப் பழம் பார்த்தால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். காய் அதற்குள் போகாது. பழமும் காளானும் மட்டும்.

இந்தக் கணக்கிலேயே இரண்டு எல்லைகள் தெரியும். 50 ஜிக்கு மேல் விலையுள்ள பழம் என்றால் ஒயின் அதிகம் தரும், அதற்குக் கீழே ஜெல்லி. புளூபெர்ரி சரியாக 50 ஜி என்பதால் இரண்டிலும் 150தான். காய்க்கு எல்லை 200 ஜி. 80 ஜி உருளைக்கிழங்கை ஜூஸாக்கினால் 180, ஊறுகாய் போட்டால் 210. பூசணி, சிவப்பு முட்டைக்கோஸ் மாதிரி விலை கூடிய சிலதைத் தவிர, மற்ற காய்க்கெல்லாம் ஜார்தான்.

அடிப்படை விலை என்பதையும் கவனிக்க வேண்டும். தரத்தைக் காட்டும் தங்க நட்சத்திரம் பெற்ற மெலனும் நட்சத்திரமே இல்லாத மெலனும் கெக்கிலிருந்து ஒரே ஒயினாகத்தான் வெளியே வரும். எல்லாவற்றையும் போட இயந்திரம் போதவில்லை என்றால் நட்சத்திரம் உள்ளதைப் பச்சையாக விற்றுவிட்டு, சாதாரணமானதை உள்ளே தள்ளுங்கள்.

இதுவரை சொன்னது ஒரு பழத்துக்கு எவ்வளவு என்கிற கணக்கு. பலரும் இதோடு நிறுத்திக்கொண்டு கெக்குக்கு முதலிடம் கொடுத்துவிடுகிறார்கள். நாள் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒயின் ஆக 7 நாள். ஜூஸுக்கு 4 நாள். ஜாரில் எதைப் போட்டாலும் 3 நாளுக்குள் தயார். டிஹைட்ரேட்டரை ராத்திரி தூங்கப் போகும் முன் நிரப்பினாலும் மறுநாள் காலையில் எடுத்துவிடலாம்.

பூசணியை எடுத்துக்கொள்வோம். பச்சையாக 320 ஜி. ஜூஸ் 720, ஊறுகாய் 690. ஜூஸ்தான் மேல் என்று தோன்றும். ஆனால் கெக்கில் 4 நாளைக்கு 400 லாபம், நாளுக்கு 100. ஜாரில் 3 நாளைக்கு 370 லாபம், நாளுக்கு 123. பெட்டி நிறையப் பூசணி வரிசையில் காத்திருக்கிறது என்றால், இந்த 30 ஜி வித்தியாசத்துக்காக ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஒயினோடு ஒப்பிட்டால் இடைவெளி இன்னும் பெரிது. எந்த விலைப் பழத்தைப் போட்டாலும், ஓர் இயந்திரம் ஒரு நாளைக்கு ஈட்டுவதில் ஜார், ஒயின் போடும் கெக்கைவிட மேல். ஸ்டார்ஃப்ரூட்டிலும்கூட அப்படித்தான்.

செய்து முடிக்கிற செலவும் இருக்கிறது. ஜார் செய்முறை ஃபார்மிங் திறனின் 4ஆம் லெவலிலேயே கைக்கு வந்துவிடும். 50 மரம், 40 கல், 8 நிலக்கரி. இதில் சிரமம் தருவது நிலக்கரி மட்டும். கெக் 8ஆம் லெவலில்தான் திறக்கும். 30 மரம், செம்புக் கட்டி ஒன்று, இரும்புக் கட்டி ஒன்று, ஓக் ரெசின் (ஓக் மரப் பிசின்) ஒன்று. உலோகம் சுரங்கத்தில் கிடைத்துவிடும். ரெசின்தான் ஆளைக் காக்க வைக்கும். ஓக் மரத்தில் பிசின் வடிக்கும் டேப்பர் மாட்டினால் ஒரு மரத்திலிருந்து ஏறக்குறைய வாரத்துக்கு ஒன்றுதான் சொட்டும். 20 கெக் வேண்டுமென்றால் முதல் ஆண்டின் தொடக்கத்திலேயே பத்து ஓக் மரத்திலாவது டேப்பர் இருக்க வேண்டும். எட்டாம் லெவல் வந்தபிறகு டேப்பரைத் தேடி ஓடுவது வீண் தாமதம்.

ஆகவே முதல் ஆண்டு ஜாரின் ஆண்டு என்பது என் தீர்மானமான கருத்து. ஊரின் கம்யூனிட்டி சென்டரைச் சீரமைக்கக் கொடுக்க வேண்டிய ஆர்ட்டிசன் பண்டில் என்ற பொருள் தொகுப்புக்கு ஜெல்லியும் ஆகும். டாக்டர் ஹார்வியின் நட்பு வேண்டுமென்றால் ஊறுகாய் கொடுங்கள், மனிதருக்கு உயிர்.

சரி, டிஹைட்ரேட்டர். பழத்துக்கு ஒன்றரை மடங்குதானே என்று இதை ஒதுக்குகிறவர்கள் கோடைகாலத்துப் புளூபெர்ரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். கோடை முதல் நாளில் 60 செடி நடுகிறீர்கள். 13 நாளில் முதல் அறுப்பு, அப்புறம் 4 நாளுக்கு ஒருமுறை. செடிக்கு ஒவ்வொரு அறுப்பிலும் 3 பழம், பருவத்தில் 4 அறுப்பு. மொத்தம் 720 பழம். பச்சையாக விற்றால் 36,000 ஜி. எல்லாவற்றையும் ஜெல்லியாக்கினால் 1,08,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 10 ஜார் வைத்திருப்பவருக்கு 72 முறை நிரப்ப வேண்டும், முறைக்கு 3 நாள், ஆக 216 நாள். விளையாட்டில் ஓர் ஆண்டே 112 நாள்தான். அதே 10 கெக்கில் ஒயினாக்கினால் 504 நாள், நாலரை ஆண்டு.

டிஹைட்ரேட்டர் 9 இருந்தால் நாளுக்கு 45 பழம் போகும். 4 நாளில் 180. ஓர் அறுப்பில் வருவதும் 180. அடுத்த அறுப்பு வருவதற்குள் பெட்டி காலியாகிவிடும். கடைசியில் கையில் 57,600 ஜி. ஜெல்லியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான், ஆனால் இது கோடை முடிந்த கையோடு வருகிற பணம். அதை வைத்து இலையுதிர்காலத்துக்கு விதை வாங்கலாம், தச்சர் ராபினிடம் கொட்டகை கட்டச் சொல்லலாம். இரண்டு ஆண்டு கழித்து வரப்போகும் லட்சத்தைவிட விதைக்கும் நேரத்தில் வரும் ஐம்பதாயிரம் பெரிது.

இதற்கும் விலை உண்டு. செய்முறையைக் கடைக்காரர் பியரிடம் 10,000 ஜி கொடுத்து வாங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 30 மரம், 2 களிமண், ஒரு ஃபயர் குவார்ட்ஸ். குவார்ட்ஸுக்குச் சுரங்கத்தில் 80ஆம் தளத்துக்குக் கீழே இறங்க வேண்டும். அதைவிடப் பெரிய விலை, தினமும் கை கேட்கும் என்பது. கெக்கை வாரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். டிஹைட்ரேட்டரை ஒருநாள் விட்டால் அந்த நாளின் வருமானம் போச்சு. விளையாட்டின் ஒரு நாள் நம் கணக்கில் 14 நிமிடம் சொச்சம்தான். அதற்குள் தண்ணீர் ஊற்றி, மாட்டைத் தடவிக்கொடுத்து, மீன் பிடித்து, சுரங்கமும் போக நினைப்பவர் படுக்கைக்குப் பக்கத்திலேயே டிஹைட்ரேட்டர்களை வைத்துக்கொள்வது நல்லது. கிரான்பெர்ரிக்கும் இதே கணக்குதான் பொருந்தும். ஸ்டார்ஃப்ரூட்டை இதில் போடாதீர்கள். 750 ஜி பழத்தை ஒயினாக்கினால் 2,250, உலர்த்தினால் 1,130தான் தேறும்.

அப்படியானால் கெக் எங்கே ஜெயிக்கிறது? பழம் குறைவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் இடத்தில். கிரீன்ஹவுஸில் ஏன்ஷியன்ட் ஃப்ரூட் போட்டிருப்பவருக்கு மறுபேச்சே வேண்டாம். முதலில் 28 நாள் வளரும், அதன்பின் 7 நாளுக்கு ஒரு பழம். ஒயினுக்கும் 7 நாள். 100 செடிக்கு 100 கெக் என்றால் வாரம் ஒருநாள் பறித்து, எடுத்து, நிரப்பி முடித்துவிடலாம். மீதி ஆறு நாளும் அந்தப் பக்கம் போக வேண்டியதே இல்லை. ஒயின் 1,650, ஜெல்லி 1,150. இங்கே ஜாரின் வேகத்தால் பயனில்லை. 3 நாளில் முடித்துவிட்டு அடுத்த பழத்துக்காக 4 நாள் சும்மா கிடக்கும். பழத்துக்கு 500 ஜி நஷ்டம்தான் மிச்சம்.

கெக்கின் இன்னொரு பலம் ஒயினே அல்ல. ஹாப்ஸ் வெறும் 25 ஜி. கெக்கில் போட்டால் இரண்டே நாளில் பேல் ஏல் எனும் பீர் வகை, 300 ஜி. விலையில் 12 மடங்கு ஏற்றம். மெலனை ஒயினாக்கினால் 7 நாளில் 500 லாபம். அதே கெக்கில் ஹாப்ஸ் போட்டால் 2 நாளில் 275. கோடையில் கெக் வைத்துக்கொண்டு மெலன் ஒயின் போடுகிறவர்களிடம் நான் மறுபடி மறுபடி சொல்வது இதுதான். ஹாப்ஸ் 11 நாளில் காய்க்கத் தொடங்கி தினமும் ஒன்று தரும், கொடி ஏறும் பந்தல் பயிர் என்பதால் செடிகளுக்குக் குறுக்கே நடக்க முடியாது, தினமும் பறிக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு நல்ல கூலி உண்டு. கோதுமையும் இப்படித்தான்: 10 ஜி விதை, 4 நாளில் விளைச்சல், கெக்கில் பீராகி 200 ஜி. முதல் ஆண்டு இலையுதிர்காலத்தில் எட்டாம் லெவலைத் தொட்டு, கையில் நாலைந்து கெக் மட்டும் வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல சரக்கு இல்லை.

மில்லும் ஆயில் மேக்கரும் இந்தப் போட்டியிலேயே இல்லை. கோதுமை மாவு 50 ஜி, சோள எண்ணெய் 100 ஜி. அது சமையலுக்கு.

ஃபார்மிங் லெவல் 10இல் தேர்ந்தெடுக்கும் ஆர்ட்டிசன் என்ற தொழில் பதப்படுத்திய பொருளுக்கு 40 சதவீதம் கூட்டித் தரும். ஜெல்லி, ஒயின், உலர்பழம் எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் என்பதால் 50, 200 எல்லைகள் அப்படியே நிற்கும். லெவல் 5இல் பயிருக்கான டில்லரைத் தேர்ந்திருந்தால்தான் இது கிடைக்கும். கால்நடைக்கான ராஞ்சரைத் தேர்ந்துவிட்டவர்கள் சாக்கடைக்குள் இருக்கும் ஸ்டேச்சூ ஆஃப் அன்சர்ட்டன்டியிடம் 10,000 ஜி கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். தயங்காமல் மாற்றுங்கள்.

பெட்டியில் வைத்த பழம் கெடாது என்பதும் இங்கே முக்கியம். குளிர்காலத்தின் 28 நாளும் வயல் வெறுமையாக இருக்கும்போது கோடையில் ஒதுக்கி வைத்த மெலனையும் ஸ்டார்ஃப்ரூட்டையும் கெக்கில் போடலாம். சுரங்கத்திலேயே கிடப்பவர்களுக்கு அந்த 7 நாள் காத்திருப்பு பாரமாகத் தெரியாது.

கடைசியாக, பாதாள அறையில் ஒயினை ஊற வைக்கும் பீப்பாயான கேஸ்க். வீட்டை அந்த அளவுக்கு விரிவாக்க 1,00,000 ஜி, கூடவே 33 கேஸ்க் கிடைக்கும். அதில் ஜெல்லியோ ஊறுகாயோ ஜூஸோ உலர்பழமோ போகாது. ஒயின், பீர், பேல் ஏல், மீட் எனும் தேன் மது, பாலாடைக்கட்டி மட்டும். ஒயின் 56 நாளில் மிக உயர்ந்த இரிடியம் தரத்தை எட்டி விலை இரட்டிப்பாகும். ஆர்ட்டிசன் இருந்தால் ஸ்டார்ஃப்ரூட் ஒயின் 3,150இலிருந்து 6,300. 33 பாட்டிலுக்கும் கூடுதல் லாபம் 1,03,950, அதாவது முதல் சுற்றிலேயே அறைக்குப் போட்ட பணம் திரும்பிவிடும். இதற்காகக் கொட்டகை நிறையக் கெக் அடுக்க வேண்டியதில்லை. அந்த 56 நாளில் ஒரு கெக் 8 முறை ஒயின் தரும், 5 கெக் இருந்தால் 40 பாட்டில். அடுத்த சுற்றுக்கு வேண்டிய 33 போக 7 மிச்சம் இருக்கும்.