கேஸ்ட்ரிக் பைபாஸ் பேக்கேஜ்: நான்காம் நாளுக்குப் பிறகு என்ன கிடைக்கிறது?

சென்னையில் கேஸ்ட்ரிக் பைபாஸ் என்ற உடல் பருமன் அறுவைக்கு எஸ்டிமேட் கேட்டால் பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான் கைக்கு வரும். மூன்று இரவு அறை வாடகை, தியேட்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஸ்டேப்லர் (உறுப்பை வெட்டித் தைக்கும் கருவி), மருந்து மாத்திரை, கீழே மொத்தத் தொகை. இதற்குப் பெயர் பேக்கேஜ். குறிப்பிட்ட எந்த மருத்துவமனையையும் இங்கே எடை போடவில்லை. அந்தத் தாளை மட்டும் வரி வரியாகப் பார்க்கிறோம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: தாளில் எழுதியிருப்பதை இந்த ஊர் நன்றாகவே செய்கிறது. எழுதாமல் விட்டது இரண்டாம் வருடத்தில் தலைகாட்டும்.

முதலில், வயிற்றுக்குள் நடப்பது என்ன? குடலை ஆங்கில Y வடிவில் இணைக்கும் ரூ-என்-வை பைபாஸ்தான் நீண்ட காலம் சோதித்துப் பார்க்கப்பட்ட முறை. இதன் ஆரம்ப வடிவம் 1960களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சர்ஜன் தொடங்கிவைத்தது. 1990களில் லேப்ராஸ்கோபிக்கு (சின்னத் துளைகள் வழியே செய்யும் அறுவைக்கு) வந்தது. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்தில் இரைப்பையின் மேல்முனையை மட்டும் ஸ்டேப்லரால் தனியாகப் பிரித்து, 15 முதல் 30 மி.லி. கொள்ளும் சின்னப் பையாக்குகிறார்கள். ஒரு காபி டம்ளரில் கால்வாசிகூட வராது. மீதி இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. அது உணவைப் பார்க்காமல், சுரப்பதைச் சுரந்துகொண்டு உள்ளேயே கிடக்கும். பிறகு சிறுகுடலை அதன் தொடக்கத்திலிருந்து 50 முதல் 100 செ.மீ. தள்ளி வெட்டி, கீழ்ப்பக்கத்து முனையை மேலே இழுத்துச் சின்னப் பையோடு இணைக்கிறார்கள். பித்தமும் கணைய நீரும் வரும் மற்ற முனையை அங்கிருந்து 100 முதல் 150 செ.மீ. கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சாப்பாடும் செரிமான நீரும் அந்தச் சந்திப்புக்கு வந்த பிறகுதான் கலக்கும். பை சிறியதானது பாதிக் கதைதான். சாப்பிட்டதும் குடலில் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்கள் முன்பைவிட அதிகமாகச் சுரப்பதால் பசி அடங்குகிறது. எடை இறங்கத் தொடங்கும் முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை இறங்குவதற்கும் இது ஒரு காரணம்.

தாளில் 'பைபாஸ்' என்று மட்டும் இருந்தால் எந்த பைபாஸ் என்று கேட்டுவிடுங்கள். மினி பைபாஸில் பை நீளமானது, இணைப்பு ஒன்றே ஒன்று, குடலில் 150 முதல் 200 செ.மீ. வரை தாண்டிப் போய் இணைப்பார்கள். நேரம் குறைவு; ஆனால் பித்தம் மேலேறும் வாய்ப்பு உண்டு, தாண்டும் நீளம் கூடக்கூடச் சத்துக் குறைவும் கூடும். ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவது, குடலைத் தொடுவதில்லை. நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமையாக இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். அவருக்கும், சர்க்கரை கட்டுக்கடங்காதவருக்கும் ரூ-என்-வை பொருத்தம். மூன்றும் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அவர் விற்பனைப் பிரிவு ஆள்.

இன்சூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. இந்தியாவில் சர்ஜன்கள் பழகிய கணக்கு, பிஎம்ஐ (கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 37.5; சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய் கூட இருந்தால் 32.5. 2022இல் வந்த சர்வதேசப் பரிந்துரை ஆசியர்களுக்கு 27.5இலிருந்தே அறுவையை யோசிக்கலாம் என்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனியின் கணக்கு வேறு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் ஆறாவது குறியீடு உடல் பருமனுக்கானது. வயது 18 ஆகியிருக்க வேண்டும், டாக்டர் பரிந்துரை வேண்டும், பிஎம்ஐ 40 வேண்டும். 35 என்றால், மற்ற வழிகளில் எடை குறைக்க முயன்று தோற்றிருக்க வேண்டும். கூடவே நான்கில் ஒன்றாவது இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை.

160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 95 கிலோ என்று வையுங்கள். பிஎம்ஐ 37. ரத்த அழுத்தம், முழங்கால் வலி, கல்லீரலில் கொழுப்பு. சர்ஜன் சரி என்பார்; இன்சூரன்ஸ் மறுக்கும், ஏனென்றால் அந்த மூன்றும் நால்வர் பட்டியலில் இல்லை. இவர் இரவில் குறட்டை விட்டு மூச்சடைத்து எழுபவர் என்றால் ஸ்லீப் ஸ்டடி செய்து ஆப்னியா கடுமையானதுதானா என்று எழுத்தில் வாங்குவது மயக்க மருந்து டாக்டருக்கும் உதவும், பில்லுக்கும் உதவும். உயரத்தைச் சுவரோடு நிறுத்தி, செருப்பில்லாமல் அளக்கச் சொல்லுங்கள். 90 கிலோ ஆளுக்கு 160 செ.மீ. என்றால் பிஎம்ஐ 35.2, 162 என்று எழுதிவிட்டால் 34.3. அந்த இரண்டு செ.மீ.க்கு விலை சில லட்சம். இன்னொன்று: அறுவைக்கு முன்பு இரண்டு வாரம், கல்லீரல் சுருங்குவதற்காக ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி உணவு தருவார்கள். அதில் நாலைந்து கிலோ இறங்கிவிடலாம். அதைத் தொடங்கும் முன்பே எடை, உயரம், தேதி மூன்றும் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் எத்தனை வருடம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

முன்பரிசோதனையில் எண்டோஸ்கோபியை விட்டுக்கொடுக்கக் கூடாது. பைபாஸுக்குப் பிறகு அந்தப் பழைய இரைப்பைக்குள் சாதாரண எண்டோஸ்கோப் போகாது. புண்ணோ கட்டியோ இருந்தால் இப்போதே பார்த்துவிட வேண்டும். ஹெச்.பைலோரி கிருமி இருந்தால் முதலில் மருந்து. வயிற்று ஸ்கேன், தைராய்டு, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) எல்லோரும் எடுக்கிறார்கள். பி12, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி மூன்றையும் பல பேக்கேஜ்கள் விட்டுவிடுகின்றன. தொடக்கத்திலேயே இவை குறைவாக இருந்தால் பின்னால் இன்னும் பள்ளம். சிகரெட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். திரும்பத் தொட்டால் புது இணைப்பில் புண் வரும்.

அறுவை இரண்டு மூன்று மணி நேரம், ஐந்தாறு துளைகள். பில்லில் எகிறும் செலவு ஸ்டேப்லர். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ், 45 அல்லது 60 மி.மீ. நீளம், ஒரு ரூ-என்-வைக்கு ஐந்திலிருந்து எட்டு வரை செலவாகலாம். பேக்கேஜில் எத்தனை அடக்கம், அதற்கு மேல் ஒன்றுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கார்ட்ரிட்ஜ் உறையிலிருக்கும் லாட் எண் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியிருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜ் அன்று பாருங்கள். சர்ஜனிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு. குடலை மேலே இழுத்ததால் அதன் பின்னே உண்டாகும் இடைவெளிகளைத் தைத்து மூடுவாரா? இணைப்பில் கசிவு இருக்கிறதா என்று தியேட்டரிலேயே நீலச் சாயமோ காற்றோ விட்டுப் பார்ப்பாரா? இரண்டுக்கும் யோசிக்காமல் பதில் வர வேண்டும்.

விலை குறைவு என்பதற்காகப் புறநகர் நர்சிங் ஹோமில் செய்வது பற்றி ஒரு வார்த்தை. 2024இல் நகரின் விளிம்பில் ஒரு தனியார் மருத்துவமனையில் பருமன் அறுவைக்கு வந்த இளைஞர் இறந்தார்; விசாரணைக்குப் பிறகு அந்த இடத்தின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. வென்டிலேட்டரோடு ஐசியு அதே கட்டடத்தில், 24 மணி நேரமும் மயக்க மருந்து டாக்டர், ரத்த வங்கி வசதி, 150 கிலோ தாங்கும் ஆபரேஷன் மேசை. இந்த நான்கும் இல்லாத இடத்தில் பேக்கேஜ் எத்தனை மலிவானாலும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மருத்துவமனைக்குள் கழியும் நாட்களைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. அன்று மாலையே நடக்க வைக்கிறார்கள், ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள், மூன்றாம் நான்காம் நாள் வீடு. வெளியூரிலிருந்து வந்து கிரீம்ஸ் ரோடு லாட்ஜில் தங்குபவர்கள் உடனே ரயிலேறக் கூடாது. கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தில்தான் தெரியும். காய்ச்சல் இல்லாவிட்டாலும் பல்ஸ் 120ஐத் தாண்டி நிற்பது, இடது தோளில் வலி, காரணமில்லாத படபடப்பு, இதில் எது வந்தாலும் நேராக அறுவை செய்த இடத்துக்கே போக வேண்டும். முதல் மாதத்தில் திரும்ப அட்மிட் ஆவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு: உடலில் நீர் வற்றுவது. ஏப்ரல், மே வெயிலில் அறுவை வைத்துக்கொண்டால் நீர் இன்னும் சுலபமாக வற்றும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர், கால் மணிக்கு இரண்டு மூன்று மடக்கு. அண்ணாந்து கடகடவென்று குடிக்கும் பழக்கத்தை விட வேண்டும்.

டயட் ஷீட் என்று தருவதுதான் இந்தச் சேவையின் பலவீனமான பாகம். வெளிநாட்டு அட்டவணையைப் பிரதியெடுத்து ப்ராத், யோகர்ட், டர்க்கி என்று நீட்டுகிறார்கள். நம் சமையலில் அது இப்படி வரும். முதல் இரண்டு நாள் தண்ணீர், வடிகட்டிய ரசம், சர்க்கரையில்லாத தெளிந்த பானங்கள். பிறகு இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணீர், பாலில் கரைத்த புரதப் பவுடர். மூன்றாம் நான்காம் வாரம் மிக்ஸியில் அரைத்தது: குழைந்த பருப்பு, அரைத்த மீன், மசித்த முட்டை. ஐந்தாம் வாரத்திலிருந்து மென்மையானவை. எட்டாம் வாரம் வாக்கில் சாதாரணச் சாப்பாடு, அதுவும் சில கரண்டிதான். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி தண்ணீர் கூடாது.

புரதம் ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். இங்கேதான் நம் டிபன் தோற்றுப்போகிறது. ஒரு இட்லியில் 2 கிராம் அளவுதான். இரண்டு முட்டை 12, 100 கிராம் மீன் 20, 100 கிராம் பனீர் 18, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு 8, 200 கிராம் தயிர் 7 என்று கூட்டினால் 65 வரும். முட்டையும் மீனும் தொடாத வீட்டில் புரதப் பவுடர் இல்லாமல் முதல் ஆறு மாதம் ஓடாது. அதன் விலை தாளில் இருக்காது. தட்டில் முதல் கவளம் புரதம், பிறகு காய், இடம் மிஞ்சினால் சாதம். உலர்ந்த சிக்கன், பிரெட், அடையாகிப்போன சாதம் மூன்றும் அடைத்துக்கொள்ளும். பாயாசம், மைசூர்பாகு, பழரசம் குடலுக்குள் நேரே இறங்குவதால் பத்து முதல் முப்பது நிமிடத்தில் வியர்த்து, படபடத்து, வயிறு கலக்கும். டம்பிங் என்பார்கள். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துச் சர்க்கரை சரிந்து மயக்கம் வருவது அதன் இன்னொரு வடிவம். மதுவும் முன்பைவிட வேகமாக ஏறும். டாஸ்மாக் பழக்கம் இருப்பவரிடம் இதை டாக்டர் ஒளிக்காமல் பேச வேண்டும், பலர் பேசுவதில்லை.

மாத்திரைகள் ஆயுளுக்கும். மல்டிவைட்டமின், பி12 (மாதம் 1000 மைக்ரோகிராம் ஊசியோ, தினம் மாத்திரையோ), வைட்டமின் டி, மாதவிடாய் வரும் பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மி.கி., கால்சியம் 1200 முதல் 1500 மி.கி. கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். மருந்துக்கடையில் சாதாரணமாக எடுத்துத் தருவது கார்பனேட். அது கரைய அமிலம் வேண்டும், சின்னப் பையில் அமிலம் குறைவு. ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் உடல் ஏற்காது என்பதால் மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி, இரும்பை ஃபில்டர் காபியோடு விழுங்கக் கூடாது. பித்தப்பையில் கல் வராமலிருக்க அர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் 300 மி.கி. இரு வேளை, ஆறு மாதம். தலைவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இப்யூப்ரோஃபென் இனித் தொடவே கூடாது. இணைப்பில் புண் வந்து ஓட்டை விழலாம். பாராசிட்டமால் போதும். சர்க்கரைக்கான எஸ்ஆர் (மெதுவாகக் கரையும்) வகை மாத்திரைகளைச் சாதாரண வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். பெண்கள் ஒன்று, ஒன்றரை வருடம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம்.

நான்காவது முதல் ஆறாவது வாரத்தில் விழுங்கியதெல்லாம் வாந்தியானால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோபியில் பலூன் வைத்து விரிக்கலாம், சின்ன வேலை. ஆபத்து அதற்கு முன்பு நடப்பதில் இருக்கிறது. பல நாள் வாந்தியில் தயமின் என்ற பி1 வற்றிவிடும். அந்த நிலையில் தெருமுனை கிளினிக்கில் 'களைப்பாக இருக்கு' என்று குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மிச்சமிருக்கும் பி1உம் தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளை பாதிக்கலாம். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். வருடங்கள் கழித்தும், எடை நன்கு இறங்கிய பிறகு, சாப்பிட்டதும் தொப்புளைச் சுற்றிப் பிசையும் வலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். வெறும் வாயு என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினால் குடலே அழுகும். சிடி ஸ்கேன் வேண்டும், அது சரியென்று வந்தாலும் வலி நீடித்தால் சர்ஜன் பார்க்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டும் முடி பெரும்பாலும் தானே திரும்பும்.

பலன் பற்றிய விளம்பரக் கணக்கு. '70 சதவீதம் எடை குறையும்' என்றால் அது கூடுதல் எடையில் 70. 160 செ.மீ., 110 கிலோ ஆளுக்கு பிஎம்ஐ 25க்கான எடை 64, கூடுதல் 46. மொத்த எடையில் 30 சதவீதம் குறைந்தால் 33 கிலோ போய் 77இல் நிற்பார். நல்ல பலன் அதுதான், 64 ஆவதில்லை. சர்க்கரை நோயில், அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வின் ஐந்தாண்டு முடிவில் ஹெச்பிஏ1சி 6 அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5. சர்க்கரை அடியோடு போய்விடும் என்று உத்தரவாதம் தருபவர் இந்த எண்களைப் படிக்கவில்லை. 2025இல் இந்தியாவுக்கு வந்த மௌன்ஜாரோ, வெகோவி என்ற எடை குறைப்பு ஊசிகளைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா என்றால், பிஎம்ஐ 35க்குக் கீழே இருப்பவர் கட்டாயம் அந்தப் பேச்சை டாக்டரிடம் எழுப்பலாம். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடட்டும்.

கையெழுத்துக்கு முன்பு தாளின் அடியில் இவற்றைச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்: 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை, அதில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், பிடிஹெச் (கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்), ஆல்புமின்; முதல் வருடத்தில் டயட்டீஷியன் சந்திப்பு எத்தனை; இரவில் அழைத்தால் எடுக்கும் ஒரு எண். கூடவே, டிஸ்சார்ஜ் சம்மரியில், பித்தம் வரும் பகுதி, பையோடு இணைத்த பகுதி என்று குடலின் இரண்டு பகுதிகளும் எத்தனை செ.மீ. என்று குறிப்பிட்டிருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறொரு சர்ஜன் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் முதலில் தேடுவது அந்த இரண்டு எண்களை.