மென்பாறைச் சரிவு: பிரீஸ்பிளிட்டா, டிரிம்மா, ரிப்பரா?

பாறையை வெட்டிச் சரிவு அமைக்கும்போது, கிரானைட்டில் பிரீஸ்பிளிட் (சரிவின் இறுதிக் கோட்டை முன்கூட்டியே வெடித்துப் பிளக்கும் முறை) சரியாக அமைந்தால் சரிவின் முகப்பில் அரைக்குழாய் போல துளைத்தடங்கள் வரிவரியாக நிற்கும். அழுத்த வலிமை 5 முதல் 25 மெகாபாஸ்கல் வரை மட்டுமே உள்ள மென்பாறையில் அதே அழகை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பிரீஸ்பிளிட்டில், சரிவு நிற்க வேண்டிய இறுதிக் கோட்டில் நெருக்கமாகத் துளை போட்டு, குறைந்த வெடிமருந்து வைத்து, பிரதான வெடிக்கு முன்பே வெடிக்கிறார்கள். 76 மி.மீ. துளைக்கு 60 முதல் 90 செ.மீ. இடைவெளி வழக்கம், மென்பாறையில் இன்னும் நெருக்க வேண்டும், செலவு ஏறும். அப்படியும் வெடிப்பில் வரும் வாயு புதுப் பிளவை உண்டாக்காமல், ஏற்கெனவே இருக்கும் பிளவுகளுக்குள் புகுந்து, நிற்க வேண்டிய சுவரையே தளர்த்திவிடும்.

டிரிம் முறையில் இறுதிக் கோட்டு வரிசை கடைசியாக வெடிக்கும். முன்பக்கம் அதற்குள் திறந்துவிடுவதால் வாயு அந்தப் பக்கமே வெளியேறும். துளைகளும் குறைவு. வெடி வைத்தே தீரவேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு சிக்கல்: இந்தத் துளைகளை முன்கூட்டியே போட்டால் பிரதான வெடியின் அதிர்வில் இடிந்து மூடும், பிறகு போடலாம் என்றால் நொறுங்கிய பாறையில் டிரில் சிக்கும்.

துளையிடும் தொல்லை இரண்டுக்கும் பொது. தூளை வெளியேற்ற அனுப்பும் காற்று பிளவுகளில் ஓடிவிடுவதால் தூள் மேலே வராது, பிட் (டிரில்லின் முனை) மாட்டிக்கொள்ளும். ஆபரேட்டர் அழுத்தினால் துளை கோணும். அழுத்தத்தைக் குறைத்து, நுரை விட்டு அடிப்பதுதான் வழி. ராடை (டிரில் கம்பியை) உருவியதுமே மண் சரிந்து ஆழம் குறையும். உடனே மருந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் பிவிசி குழாயாவது இறக்க வேண்டும். அம்மோனியம் நைட்ரேட், டீசல் கலவையைக் கொட்டும்போது, கணக்கிட்ட அளவு போட்டும் மட்டம் உயரவில்லையா? மருந்து பிளவுக்குள் போகிறது. நிறுத்திவிடுங்கள். பிளவு நிறைந்த இடத்தில் உறையிட்ட மருந்தே மேல்.

சரி, வெடியே வேண்டாம் என்றால்? நில அதிர்வலையின் வேகம் பாறையில் நொடிக்கு சுமார் 2,000 மீட்டருக்குள் இருந்தால் பெரிய புல்டோசரின் ரிப்பரே (பின்புறம் பாறையைக் கீறிக் கிளறும் பல்) பெரும்பாலும் போதும். சுவர் அதிராது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் களிப்பாறைக்கு நடுவே கெட்டியான மணற்கல் பட்டை வந்தால் பல் வழுக்கும். அந்தப் பட்டைக்கு மட்டும் பிரேக்கர் (பாறையை இடித்து உடைக்கும் கருவி), அதற்கும் மசியாவிட்டால் ஆழமில்லாத சில சிறு வெடிகள். மொத்தச் சரிவையும் வெடிக்குக் கொடுக்கத் தேவையில்லை.