சுண்ணாம்பு என்று சொல்லிப் பட்டி இழுத்துவிட்டுப் போனார்கள்: 1,18,000 ரூபாய் போச்சு

இன்று காலை கும்பகோணம் வீட்டுக் கூடத்தில் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பொத் பொத் என்று சத்தம். நகத்தை விட்டு லேசாக நெம்பினேன், தோசை மாதிரி ஒரு பாளம் கையோடு வந்துவிட்டது. உள்ளே பழைய பச்சை டிஸ்டம்பர் அப்படியே இருக்கிறது. அதில் அத்தை பென்சிலால் எழுதிவைத்த பால் கணக்கு கூட அழியவில்லை. அதாவது பழைய பூச்சை ஒருத்தனும் கொத்தவே இல்லை. இந்த வேலைக்குத்தான் 1,18,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன். ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா கட்டிய வீடு. சின்னச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. பிறகு வயர் பதிக்க வெட்டிய இடத்தில் சிமெண்ட், முற்றத்துப் பக்கம் ஒழுகிய இடத்தில் வேறொரு சிமெண்ட் என்று சுவர் முழுக்க ஒட்டுப்போட்ட வேட்டி ஆகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே சீராகப் பூசிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். நான் இருப்பது சென்னையில். அதனால் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கைபேசிச் செயலியில் பதிவு செய்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. விளம்பரத்தில் எல்லோரும் சீருடை போட்டுச் சிரிப்பார்கள், அந்த வகை.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். பார்வையிட வந்த சூப்பர்வைசர் செருப்பைத் திண்ணையிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஈரம் அளக்கும் கருவியைச் சுவரில் வைத்தார். விரல் முட்டியால் மூலை மூலையாகத் தட்டிக் கேட்டார். உதிர்ந்த துணுக்கை எடுத்து நசுக்கிப் பார்த்து, “சார், இது சுண்ணாம்புச் சுவர். இதுக்கு மேல சிமெண்ட் போட்டா ஈரம் வெளிய வர வழியில்லாம உப்பு பூத்துடும். சுண்ணாம்புலதான் பூசணும்” என்றார். எதிர்வீட்டுக்கு வேலைக்கு வந்த வயதான கொத்தனார் முந்தின வாரம் என்னிடம் சொன்னதும் அதேதான். பிறகு எப்படிச் சந்தேகம் வரும்? 1,400 சதுர அடி, சதுர அடிக்கு 95 ரூபாய், மொத்தம் 1,33,000. அங்கேயே 60,000 அனுப்பினேன். எழுதி வாங்கினேனா? இல்லை. ரசீதில் ‘உட்புறப் பூச்சு வேலை’ என்று மட்டும் இருந்தது. அதைப் படித்துவிட்டும் சரி என்றுதான் அழுத்தினேன்.

ஆவணியில் வேலை. ஆறே நாளில் முடிந்தது. தினமும் படம் அனுப்பினார்கள். படத்தில் வெள்ளை மூட்டைகள் தெரிந்தன. சுண்ணாம்பு என்று நினைத்துக்கொண்டேன். அது பட்டி, அதாவது சுவர் வழவழப்பாகத் தெரிய மேலே மெல்லிசாக இழுக்கும் வெள்ளை மாவு. விழுந்த இடங்களில் சிமெண்டை அடைத்து, மற்ற இடமெல்லாம் டிஸ்டம்பர் மேலேயே பட்டியை இழுத்து, தேய்த்து, வெள்ளையடித்துவிட்டார்கள். படத்தில் வெண்ணெய் மாதிரி இருந்தது. மகிழ்ந்துபோய் இன்னொரு 58,000 அனுப்பினேன். “தண்ணி விடுற சத்தமே கேக்கலையே தம்பி” என்று எதிர்வீட்டு அக்கா அப்போதே போனில் சொன்னார். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐப்பசி மழை பிடித்ததும் சிமெண்ட் அடைத்த இடங்களைச் சுற்றி உப்பு பூத்தது. பட்டி கொப்புளம் கொப்புளமாக எழுந்தது.

போன் செய்தேன். “டிக்கெட் போட்டிருக்கோம் சார், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க.” யாரும் கூப்பிடவில்லை. நான்காம் நாள் பார்த்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று டிக்கெட்டையே மூடியிருக்கிறார்கள். மறுபடி போட்டேன். இந்த முறை ஒரு பெண், “வாரண்டி பூச்சுக்குத்தான் சார், ஓதத்துக்குக் கிடையாது” என்றார். பூச்சுதானே அம்மா கையில் வருகிறது என்றேன். லைனில் பாட்டுப் போட்டுவிட்டார். கடைசியாகச் சூப்பர்வைசர் ஒரே ஒரு தடவை எடுத்தார். “பழைய வீடுன்னா அப்படித்தான் சார் இருக்கும்.” சிமெண்ட் போட்டால் உப்பு பூக்கும் என்று எனக்கே பாடம் எடுத்த அதே வாய்! அதற்கப்புறம் அந்த எண் அணைந்தே கிடக்கிறது. ஆனால் நான் நிறுத்திவைத்த 15,000 ரூபாயைக் கட்டச் சொல்லி வாரம் தவறாமல் குறுஞ்செய்தி மட்டும் வருகிறது.

1,18,000 ரூபாய். இப்போது இதையெல்லாம் கொத்தி எடுக்கவே தனியாக 30,000 ஆகும் என்கிறார் அந்த வயதான கொத்தனார்.

பழைய வீட்டைப் பூசுகிறவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. என்ன கலவை, எத்தனை பூச்சு என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கொத்தி முடித்த சுவரை நேரில் பார்க்காமல் அடுத்த பணம் கொடுக்காதீர்கள், படத்தை நம்பாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு ஒவ்வொரு பூச்சுக்கும் நாள் விட்டு ஆற வேண்டும். ஆறு நாளில் முழு வீடு என்றால் அது சுண்ணாம்பு இல்லை. சிமெண்ட் என்றாலும் ஒரு வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. நான் நாளை கூப்பிடப் போகிறேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எதிர்வீட்டுக்கு வருகிற பெரியவருக்கு முழங்கால் வலி, சாரத்தில் ஏற முடியாது என்கிறார்.