கார்பன் வீல் ஸ்டிக்கரை உரிக்க எது நல்லது: ஹேர் டிரையர், ஹீட் கன், கூ கான், ஆல்கஹால்

கார்பன் நாரால் ஆன சைக்கிள் வீலில் உள்ள கம்பெனிப் பெயரை எடுக்க நினைத்தால், எதையும் கையில் எடுப்பதற்கு முன் அந்த எழுத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டி, ஓரம் லேசாக எழும்பினால் அது கிளியர்கோட்டின் (மேலே பூசிய நிறமில்லாப் பூச்சு) மேல் ஒட்டிய வினைல் ஸ்டிக்கர், உரிக்கலாம். மேடு தெரிந்தும் நகம் வழுக்கிக்கொண்டு போனால் டீக்கால், அதாவது அந்த எழுத்து, கிளியர்கோட்டுக்கு அடியில் இருக்கிறது. மேடே இல்லையென்றால் பெரும்பாலும் பெயின்ட். இந்த இரண்டுக்கும் இங்கே சொல்லும் எந்தப் பொருளும் உதவாது. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். கிளியர்கோட் மிக மெல்லியது, அதைத் தாண்டினால் கார்பன் நார்தான். வாரண்டியும் அதோடு போய்விடும். மேலே கறுப்பு வினைல் ஒட்டி மறைப்பது எவ்வளவோ மேல்.

உரிக்கக்கூடிய ஸ்டிக்கருக்கு ஹேர் டிரையரை மிஞ்சியது எதுவும் இல்லை. பசை இளக 50, 60 டிகிரி செல்சியஸ் போதும். ஹீட் கன் 300 டிகிரிக்கும் மேல் போகும். நார்களைப் பிணைத்திருக்கும் எப்பாக்ஸி ரெசின் பல வகைகளில் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே வலுவிழக்கத் தொடங்கும். ஹீட் கன்னை ஒரே இடத்தில் சில விநாடி பிடித்தால் கிளியர்கோட் கொப்பளிக்கும். அடியில் அடுக்குகள் பிரிந்தாலும் வெளியே தெரியாது. அந்த வீலை நம்பி இறக்கத்தில் இறங்க முடியாது. எனவே ஹீட் கன் வேண்டவே வேண்டாம்.

வீலைக் கழற்றி, டயரில் காற்றை இறக்கி, டிஸ்க் பிரேக் வீலானால் அதன் வட்டத் தகட்டையும் (ரோட்டர்) எடுத்துவிடுங்கள். டிரையரை 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு முறைக்கு 10 சென்டிமீட்டர் நீளம் மட்டும், அரை நிமிடம் அசைத்துக்கொண்டே சூடாக்குங்கள். விரலை மூன்று விநாடி வைத்திருக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் சூடு அதிகம். பிளாஸ்டிக் பிளேடால் ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்து, ரிம்மை (வீலின் வெளி வளையம்) ஒட்டியபடி மெதுவாக இழுங்கள். நேர் மேலே இழுத்தால் விசை முழுதும் கிளியர்கோட்டில் விழும். கல் பட்டுச் சில்லு பெயர்ந்த இடம் இருந்தால் அதையும் கூடவே பெயர்த்துக்கொண்டு வரும்.

கைக்கே விஷயம் தெரியும். வினைல் சவ்வு போல இழுபட்டால் கொஞ்சம் ஆற விடுங்கள். துண்டு துண்டாக உடைந்தால் சூடு போதவில்லை, அல்லது வெயிலில் காய்ந்து இறுகிய பழைய ஸ்டிக்கர். பசை முழுதும் ரிம்மிலேயே தங்கினால் அவசரப்பட்டு இழுக்கிறீர்கள். இரும்பு பிளேடு ஒரே இழுப்பில் கோடு போட்டுவிடும். பழைய ஏடிஎம் கார்டு போதுமானது.

மிஞ்சும் பசைக்கு முதலில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். துணியை நனைத்து ஒரு நிமிடம் பசைமேல் போட்டு வைத்துத் துடைத்தால் மெல்லிய பசை உருண்டு வரும், எச்சமும் இருக்காது. தடித்த பசைக்கு அது போதாது. அங்கேதான் கூ கான் போன்ற ஆரஞ்சு மணமுள்ள நீக்கிகள் ஜெயிக்கும். ஐந்து நிமிடத்தில் பசை கரைந்துவிடும். ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுச் செல்லும், ரப்பரையும் உப்ப வைக்கும். ரிம்மில் நேரடியாகத் தெளிக்காமல் துணியில் எடுத்துத் தடவுங்கள். ஸ்போக் துளை, வால்வு துளை வழியாக உள்ளே போகக் கூடாது. பிறகு சோப்புத் தண்ணீர், கடைசியாக மறுபடி ஆல்கஹால். பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும் ரிம் பிரேக் வீலில் இந்தக் கடைசித் துடைப்பைத் தவிர்த்தால் பிரேக் பிடிக்கும் பரப்பில் எண்ணெய் நிற்கும். அது உயிர் சம்பந்தப்பட்டது.

டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரேயும் வேலை செய்யும், மெதுவாக. துடைத்தெடுக்கும் பாடு கூ கானைவிட அதிகம். அசிட்டோன் கிளியர்கோட்டை மங்கச் செய்யும், பிசுபிசுக்க வைக்கும். பெயின்ட் ரிமூவர் ரெசினையே தாக்கும், பக்கத்தில் கொண்டுவராதீர்கள். ஸ்டிக்கரைத் தேய்த்தெடுக்க டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் கார் உடம்புக்கு ஆனது. உராய்வுச் சூடு ஒரே புள்ளியில் சேர்வதால் ரிம்முக்கு ஆகாது.

சீரியல் எண்ணும் அதிகபட்சக் காற்றழுத்தமும் அச்சிட்ட சின்ன லேபிளை மட்டும் அப்படியே விடுங்கள். வாரண்டி கேட்கும்போது அதைத்தான் பார்ப்பார்கள்.

பல மாதம் வெயில் கண்ட வீலில் ஸ்டிக்கர் இருந்த இடம் எழுத்தின் வடிவத்திலேயே நிழலாகத் தெரியலாம். அது பசை இல்லை. சுற்றியிருந்த பரப்பு வெயிலில் மாறியிருக்கிறது. பளபளப்பான ரிம்மானால் நுண்ணிய கார் பாலிஷ் ஓரளவு மட்டுப்படுத்தும். பளபளப்பில்லாத மேட் ரிம்மில் பாலிஷும் கூடாது, மெலமைன் ஸ்பாஞ்சும் கூடாது. தேய்த்த இடம் மட்டும் மினுங்கும், அதைத் திரும்ப மேட் ஆக்குவது எளிதல்ல.